ஒன்பதாம் நம்பர் செருப்பு

உண்ணாமலை வேலை செய்யும் லாட்ஜில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது ஒன்றே ஒன்றுதான். அறை வாசலில் செருப்பு கிடந்தால் கதவைத் தட்டக் கூடாது. உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் வெளியே போன பிறகு பெருக்கித் துடைத்தால் போதும். பௌர்ணமியன்று மட்டும் இது உதவாது. மலை சுற்றப் போகிறவர்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போய்விடுவார்கள். மூன்று மாடியிலும் வாசலுக்கு வாசல் செருப்பு நிறைந்து கிடக்கும், உள்ளே ஈ காக்கை இருக்காது. செருப்பும் பொய் சொல்லும் என்பதை உண்ணாமலை அங்கேதான் தெரிந்துகொண்டாள்.

அவளுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். அப்பாதுரைக்குக் கட்டிக்கொடுத்த பிறகு இருவரும் திருவண்ணாமலைக்கு வந்து, வேங்கிக்காலில் ஒரு லைன் வீட்டில் குடியேறினார்கள். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட ஒற்றை அறை வீடுகள், பொதுவில் ஒரு குழாய், பொதுவில் ஒரு துணிக்கொடி. குழந்தை பிறக்கவில்லை. அப்பாதுரை பெங்களூரில் கட்டடங்களுக்கு சென்ட்ரிங் அடிக்கும் வேலைக்குப் போனான். மாதம் ஒருமுறை பஸ் பிடித்து வருவான், இரண்டு நாள் தங்குவான், போய்விடுவான். இந்த மாவட்டத்தில் பாதி வீடுகளில் ஆண்பிள்ளைகள் இப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்கள். அதனால் அவன் வருவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆனபோதும், கார்த்திகை தீபத்துக்கு மட்டும் என்று ஆனபோதும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு தீபத்துக்கு அவன் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. பிறகு அந்த எண்ணே இல்லை என்று சொன்னது. அவனோடு வேலை பார்த்த கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்து, முகத்தைப் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னார். அங்கே வேறு ஒரு குடும்பம் இருக்கிறதாம். அந்தப் பெண்ணுக்கு ஒரு குழந்தையும் இருக்கிறதாம். உண்ணாமலை சரிங்க என்றாள். அவருக்கு பஸ் வந்துவிட்டது. இவள் லாட்ஜுக்குப் போய் அன்றைக்கு உள்ள அறைகளை எல்லாம் துடைத்து முடித்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நாளைக்கு வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த மாதம்தான் ஒருவன் குடித்துவிட்டு வந்து அவள் கதவைத் தட்டினான். வீடு மாறித் தட்டியதாகக் காலையில் சமாதானம் சொன்னான். அதே வாரம் வீட்டுச் சொந்தக்காரர் அன்பரசன் வாடகை வாங்க வந்து, நான் குடும்பமா இருக்கறவங்களுக்குத்தான் வீடு விடறது என்று பொதுவாகச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். உண்ணாமலை சாயங்காலம் தேரடித் தெருவுக்குப் போய் ஒரு ஜோடி ஆண் ரப்பர் செருப்பு வாங்கினாள். கடைக்காரர் என்ன சைஸ் என்றார். ஒன்பது என்றாள். அந்தக் கால் எங்கே இருந்தாலும் அதன் அளவு அவளுக்குத் தெரியும்.

செருப்பை வாசலில் போட்டாள். அதன் பிறகு யாரும் கதவைத் தட்டவில்லை. அன்பரசனும் வாடகையை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் போனார்.

ஆனால் வாசலில் ஒரு செருப்பைப் போட்டால் அதற்குப் பின்னால் ஒரு மனிதனையும் நடத்தியாக வேண்டும். அதையும் செய்தாள். காலையில் பெருக்கும்போது செருப்பை ஒரு நாள் ஜோடியாக வைப்பாள், ஒரு நாள் ஒன்றை முன்னே ஒன்றைப் பின்னே தள்ளி வைப்பாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வறுப்பாள். பக்கத்து வீட்டு காசியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து, வூட்டுக்காரரு வந்திருக்காராட்டம் என்பாள். நடுராத்திரி பஸ்ஸுல வந்தாருக்கா, விடியறதுக்கு முன்ன கெளம்பிட்டாரு, வேலை ஜாஸ்தியாம் என்பாள் இவள். காசியம்மாள் தலையை ஆட்டிவிட்டு இரண்டு துண்டு மீன் வாங்கிக்கொண்டு போவாள். காசியம்மாளுக்கு வாய் நீளம். அவளுக்குச் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவளிடம் சொன்னாள்.

வெயிலிலும் மழையிலும் கிடந்து செருப்பின் வார் வெளுத்துப் போகும், ரப்பர் கிழண்டு போகும். அப்போது தேரடித் தெருவுக்குப் போய் இன்னொரு ஜோடி வாங்கி வருவாள். இப்படியே பத்து வருஷம் ஓடிவிட்டது. கட்டிய கணவன் கூட இருந்திருந்தால் இத்தனை பொறுப்பாகக் கவனித்திருப்பாளோ என்னவோ.

பிறகு முட்டி போனது. லாட்ஜ் மாடிப்படிகளில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினால் எந்த முட்டிதான் தாங்கும். மேனேஜர் நல்ல மனுஷர். பௌர்ணமி, விசேஷ நாட்களில் வந்தால் போதும், மற்ற நாளில் உட்கார்ந்து ஓய்வெடுங்கம்மா என்றார். ஓய்வுக்குச் சம்பளம் உண்டா என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. தை மாதத்திலிருந்து வாடகையை ஏற்றப்போவதாக அன்பரசன் வேறு சொல்லிவிட்டார். வாடகை கொடுக்க முடியாவிட்டால் கீழ்பென்னாத்தூரில் அண்ணன் வீடுதான் கதி. அங்கே மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு இடம் இருக்கிறது. அண்ணி ஒரு தடவை அதைக் காட்டி, உனக்கு இல்லாத எடமா என்று சொல்லியிருக்கிறாள். அந்த இடம் நினைவுக்கு வந்தால் மட்டும் உண்ணாமலை எழுந்து கையில் இருக்கும் காசை ஒருதரம் எண்ணிப் பார்ப்பாள்.

லாட்ஜில் கூட வேலை பார்க்கும் சிந்துஜா என்ற பெண்தான் உதவித்தொகையைப் பற்றிச் சொன்னாள். மாதம் ஆயிரத்து இருநூறு. முதியோர் உதவித்தொகைக்கு உண்ணாமலைக்கு வயது போதாது. விதவை உதவித்தொகைக்குக் கணவன் சாகவில்லை. மிச்சம் இருந்தது கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கு என்று ஒன்று. விட்டுப்போய் ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் கிடைக்குமாம். பெயர் வைக்கிறவர்களுக்கு நாக்கில் கூச்சமே கிடையாது போலிருக்கிறது. அதை ஒருத்தி வாயால் சொல்லிக் கேட்க வேண்டுமே என்று அவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

வேங்கிக்காலிலேயே இ-சேவை மையம் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸே நடக்கிற தூரம்தான். அவள் அங்கெல்லாம் போகவில்லை. தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்க டவுனுக்குள் கோயில் பக்கம் போய் ஒரு மையத்தைக் கண்டுபிடித்தாள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் இளவரசன் என்ற இளைஞன் இருந்தான். எதுக்கும்மா என்றான். பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னாள். விட்டுட்டுப் போயிட்டாருங்க. பத்து வருஷத்தில் அதை முதல் தடவையாக வாயால் சொன்னது அந்த இடத்தில்தான். அவன் தலையைத் தூக்காமல் தட்டிக்கொண்டே ஆதார் கார்டைக் கேட்டான். அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது.

சில மாதம் கழித்து போனில் ஒரு மெசேஜ் வந்தது. எடுத்துக்கொண்டு இளவரசனிடம் போனாள். அவன் கம்ப்யூட்டரில் ஏதோ நம்பர் போட்டுப் பார்த்தான்.

"தள்ளுபடி பண்ணிட்டாங்கம்மா. வூட்டாண்ட வந்து விசாரிச்சிருக்காங்க. கணவர் பெங்களூர்ல வேலை செய்யறாரு, மாசாமாசம் வந்து போறாரு, வாசல்ல அவரு செருப்பு கூட கெடக்குதுன்னு எழுதியிருக்காங்க." அவன் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். "நெஜமாலுமே வராராம்மா?"

இல்லீங்க என்றாள். அப்புறம் யார் இப்படிச் சொன்னது என்று கேட்டான். தெரியலீங்க என்றாள். தெரியும். அவள் லாட்ஜில் இருந்தபோது பேன்ட் போட்ட ஒருவர் பையோடு வந்து அவளைப் பற்றிக் கேட்டதாகவும், தானே எல்லாவற்றுக்கும் நல்லபடியாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டதாகவும் காசியம்மாள் ஒருநாள் பெருமையாகச் சொல்லியிருந்தாள். இவளும் நல்லது அக்கா என்றிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கம் மலை கூடவே வந்தது. யார் மேலாவது கோபம் வருகிறதா என்று பார்த்தாள். காசியம்மாள் மேல் வரவில்லை. இவள் சொல்லிக்கொடுத்ததைத்தானே அவள் சொன்னாள். விசாரிக்க வந்தவர் மேலும் வரவில்லை. அவர் கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறார். அப்பாதுரை மேல் வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, ஆனால் அவன் முகமே சரியாக நினைவுக்கு வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்திருந்தால், கிள்ளினாலும் யார் காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. வீட்டுக்கு வந்து வாசலைப் பெருக்கினாள். செருப்பைத் தூக்கி, பெருக்கி, அதே இடத்தில் வைத்தாள்.

இதில் செய்வதற்கு ஒன்று இருந்தது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது. காசியம்மாளிடம் போய், அக்கா, அவரு வரதே இல்லக்கா, நான் சொன்னதெல்லாம் பொய்யி, திரும்ப யாராவது வந்தா நெஜத்தச் சொல்லு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். குழாயடியில் தினமும் பக்கத்தில் நிற்கிறாள். உப்பு கேட்க வருகிறாள். ஒவ்வொரு தடவையும் உண்ணாமலை வாயைத் திறந்தாள், வேறு ஏதாவது சொன்னாள். ஆயிரத்து இருநூறு ரூபாய்க்காகப் பத்து வருஷத்து மீனையெல்லாம் பொய்யாக்க வேண்டுமா என்று இருந்தது. வெட்கமாக இருந்தது என்று சொல்லிவிட்டால் சரியாக இருக்கும். ஆனால் அந்த வெட்கம்கூட யாருடையதோ மாதிரி தள்ளி நின்றது.

இளவரசன் சொன்னபடி ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனாள். வாசலில் போலீஸ்காரப் பெண்கள் எல்லோருடைய பையையும் திறந்து பார்த்தார்கள். மனு கொடுக்க வருகிறவர்கள் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்வார்களோ என்று பயம். இவள் பையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று அதுவரைக்கும் அவளுக்குத் தோன்றியதே இல்லை. இப்போதும் தோன்றவில்லை. அதற்கெல்லாம் கொஞ்சம் ஆத்திரம் வேண்டும்.

வரிசையில் நின்றாள், மனுவைக் கொடுத்தாள், ரசீது வாங்கினாள். மறுபடியும் விசாரணைக்கு வருவார்கள் என்றார்கள். என்றைக்கு என்று கேட்டாள். வருவாங்கம்மா என்றார்கள். அரசாங்கம் வருகிற நாளை எப்போதுமே இப்படித்தான் சொல்லும்.

அதற்கப்புறம் அவளுக்கு ஒரே யோசனைதான். வருகிறவர்கள் வருவதற்குள் செருப்பை உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும். ஆனால் எடுத்து வைத்தால் அன்றைக்கே காசியம்மாள் எங்கே என்று கேட்பாள். வாசல் காலியாக இருப்பதை அன்பரசன் பார்ப்பார். ஒரு நாள் சாயங்காலம் உள்ளே எடுத்து வைத்துப் பார்த்தாள். அறைக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் அந்தச் செருப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எடுத்து மறுபடியும் வெளியே வைத்துவிட்டாள். தூரத்தில் ஜீப்பைப் பார்த்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

ஜீப் வரவில்லை. பௌர்ணமி முடிந்த மறுநாள், லாட்ஜில் வேலையை முடித்துக் காலை இழுத்துக்கொண்டு அவள் வந்தபோது, வாசலில் ஒரு ஸ்கூட்டி நின்றது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அருணாதேவி கையில் ஃபைலோடு, சரியாக அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். காசியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவருக்கு நாற்காலி போட்டிருந்தாள். லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் குழாயடியில் வேலை இருப்பதுபோல் நின்றார்கள். குழாயில் தண்ணீர் வருகிற நேரம்கூட இல்லை அது.

அருணாதேவி நிதானமான பெண்மணி. உட்காருங்கம்மா, கால் வலிக்குது போலிருக்கே என்றார். பெயர், வயது, வேலை எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு செருப்பை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் இப்ப எங்கம்மா இருக்காரு?"

உண்ணாமலைக்குப் பதில் தெரியும். இளவரசனிடம் சொன்ன பதில்தான். மனுவிலும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். குழாயடியில் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். காசியம்மாள் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெங்களூர்ல இருக்காருங்க," என்றாள். "வேலை ஜாஸ்தி. மாசத்துக்கு ஒரு தடவ வருவாரு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. பத்து வருஷம் பழகின வாய், ஆளைக் கேட்காமல் தானாகவே ஓடிவிட்டது. இனி கீழ்பென்னாத்தூர்தான், மாட்டுக் கொட்டகைதான் என்று நினைத்தாள். அந்த நினைப்பும் தூரத்தில்தான் இருந்தது. அருணாதேவி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, அப்புறம் எதுக்கும்மா மனு கொடுத்தீங்க என்று மெதுவாகக் கேட்டார். இவள் செருப்பைப் பார்த்தாள். அவர் எழுதக் குனிந்தார்.

"மேடம், அவ சொல்றத எழுதாதீங்க," என்றாள் காசியம்மாள்.

அருணாதேவி நிமிர்ந்தார். போன தடவை விசாரித்தபோது மாசாமாசம் வருகிறார் என்று சொன்னதே நீங்கள்தானே, உங்கள் பேர்தானே இதில் இருக்கிறது என்று ஃபைலைக் காட்டிக் கேட்டார்.

"நான்தான் சொன்னேன். இல்லங்கல. முன்ன பின்ன தெரியாத ஆம்பள பையும் கையுமா வந்து நின்னு, இவ வூட்டுக்காரரு எங்க, தனியா கீறாளான்னு கேட்டா இன்னா சொல்றது? ஆமா சாமி, தனியாத்தான் கீறா, கதவத் தட்டிக்கன்னு சொல்லட்டுமா?"

குழாயடியில் யாரோ சிரித்தார்கள். காசியம்மாள் சிரிக்கவில்லை. குனிந்து செருப்பில் ஒன்றை எடுத்தாள். மேல்புறம் வெளுத்து, வார் நிறம் போய், கிழடு தட்டியிருந்தது. அதை அருணாதேவியின் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினாள்.

அடிப்பக்கம் புத்தம் புதிதாக இருந்தது. கட்டம் கட்டமான கோடுகள் கடையில் இருந்த மாதிரியே கூர்மையாக இருந்தன. நடுவில் ஒன்பது என்ற எண் தேயாமல் நின்றது. குதிகால் பக்கம் விலை ஸ்டிக்கர்கூட உரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாருங்க. ஒரு மண்ணு ஒட்டியிருக்குதா? இது மேல காலே பட்டதில்ல மேடம். வருஷா வருஷம் இந்த வாசல்ல செருப்புதான் புதுசா வருது. ஆளு வரல."

அருணாதேவி செருப்பைப் பார்த்தார். உண்ணாமலையைப் பார்த்தார். எழுதியிருந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, எத்தனை வருஷமா என்று காசியம்மாளிடம் கேட்டார். காசியம்மாள் சொன்னாள். குழாயடியிலிருந்து ஒவ்வொருவராக வந்து ஆமாம் என்றார்கள். ஒருத்தி அவன் வராமல் போன அந்தத் தீபத்தைச் சொன்னாள், ஒருத்தி கதவைத் தட்டிய குடிகாரனைச் சொன்னாள். ஒருவரும் தயங்கவில்லை. யாரும் யாரைப் பார்த்தும் ஆச்சரியப்படவில்லை. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். காசியம்மாள் கைநாட்டு வைத்தாள். உண்ணாமலை எங்கே கையெழுத்துப் போடச் சொன்னார்களோ அங்கே போட்டாள்.

இனிமே பிரச்சனை இருக்காதும்மா, நான் எழுதி அனுப்பிடறேன் என்று சொல்லிவிட்டு அருணாதேவி ஸ்கூட்டியைக் கிளப்பினார். பெண்கள் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். காசியம்மாள் நாற்காலியை மடக்கினாள். பிறகு குனிந்து, கையிலிருந்த செருப்பை அதன் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு ஒருதரம் பார்த்தாள். ஒன்றைக் காலால் லேசாகப் பின்னே தள்ளினாள், இப்போதுதான் யாரோ கழற்றிப் போட்ட மாதிரி.

உண்ணாமலை படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு எப்பலேருந்துக்கா தெரியும்?" என்று கேட்டாள்.

"மொத ஜோடிலேருந்து," என்றாள் காசியம்மாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்திருந்தாள் போல, தீய்ந்த வாசனை வந்தது.

அந்த வாசனையில் உட்கார்ந்துகொண்டுதான் உண்ணாமலை அழ ஆரம்பித்தாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். பக்கத்து வீட்டில் காசியம்மாள் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகவே கழுவினாள்.